அம்மாவின் வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. டூங்காபியில் அவர் பெயரில் வீடு இருக்கிறது. அப்பா இறந்து ஒன்பது வருஷம். போன மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், மறதி நோயும் தொடங்கிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, நர்சிங் ஹோம் தேடுங்கள் என்கிறார்கள். நாங்கள் போய்ப் பார்த்த இடத்தில் 6 லட்சம் டாலர் பாண்ட் கேட்டார்கள். அம்மா முழுப் பென்ஷன் எடுக்கிறார், வங்கியில் 38,000 டாலர்தான் இருக்கிறது. 2023 ஜனவரியில் அண்ணா வீடு வாங்க 80,000 கொடுத்திருந்தார். வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை, பத்தரை லட்சம் போகும் என்கிறார் அண்ணா. ஆனால் வேலையை விட்டுவிட்டு ஆறு வருஷமாக அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்ட தம்பி, ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் உதவித்தொகை அலுவலகமான சென்டர்லிங்கின் கேரர் பேமென்ட்டில் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) இருப்பவன், எங்கே போவான்? ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன் வருகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாசகி, மேற்கு சிட்னி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்று. வீட்டு ஏஜென்டிடம் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். போட்டிருந்தால் விலக்கிக்கொள்ள வழி உண்டா என்று இன்றைக்கே கேளுங்கள். நீங்கள் பெரிய கவலையாக எழுதியிருக்கிறீர்களே, தம்பி எங்கே போவான் என்று, உங்கள் பிரச்சினைக்கு விடையே அந்தத் தம்பிதான். அதைச் சொல்வதற்கு முன் இந்தப் பாண்ட் என்ன, யார் கட்ட வேண்டும், யார் கட்டத் தேவையில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களிடம் இதைப் பற்றி உலவும் பாதித் தகவல்கள் பழையவை. 2025 நவம்பர் 1-ம் தேதி புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இன்னும் கொஞ்சம் பழையதாகிவிட்டன.

நர்சிங் ஹோம் செலவு என்பது ஒரே தொகை இல்லை. சாப்பாடு, துணி துவைப்பது, மின்சாரம் இதற்கெல்லாம் எல்லோரும் கட்டுவது அடிப்படை நாள் கட்டணம். தனி ஆள் அடிப்படைப் பென்ஷனில் 85 விழுக்காடு, 2025 செப்டம்பர் 20 முதல் நாளுக்கு 65.55 டாலர். கோடீஸ்வரரும் இதைத்தான் கட்டுகிறார், உங்கள் அம்மாவும் இதைத்தான் கட்டுவார். இதற்கு மேலே வருவது அறைக்கான காசு. அதற்கும் மேலே, வசதி இருப்பவர்களிடம் மட்டும், பராமரிப்புக்கான பங்கு. நர்ஸ், மருத்துவப் பராமரிப்புச் செலவை அரசாங்கமே முழுவதும் ஏற்றுக்கொள்கிறது.

உங்களிடம் கேட்ட 6 லட்சம் அந்த நடுவில் உள்ள அறைக் காசு. நாம் இன்னும் பாண்ட் என்கிறோம், 2014-லிருந்து அதன் பெயர் ஆர்ஏடி, அதாவது திரும்பத் தரப்படும் அறை வைப்புத்தொகை. ஒவ்வொரு இல்லமும் ஒவ்வொரு அறைக்கும் என்ன விலை என்று அரசாங்கத்தின் மை ஏஜ்ட் கேர் இணையதளத்தில் போட்டாக வேண்டும், அதற்கு மேல் ஒரு டாலரும் கேட்கக்கூடாது, குறைத்துப் பேசலாம். குளியலறையோடு தனி அறை ஒரு விலை, இருவர் பகிரும் அறை வேறு விலை, புதுக் கட்டடம் இன்னொரு விலை. ஏழரை லட்சத்துக்கும் கொஞ்சம் மேலே போனால் அதற்கு முன்அனுமதி வேண்டும் என்பதுதான் இப்போதைய வரம்பு.

இதை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று எந்த இல்லமும் கட்டாயப்படுத்த முடியாது. இதை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் கேட்கும் தொனியில் கட்டாயம் போலவே இருக்கும். மூன்று வழி இருக்கிறது. முழுத் தொகையையும் கட்டலாம். ஒன்றும் கட்டாமல் அதற்கான வட்டியை நாள் வாடகை போலக் கட்டலாம், இதை டிஏபி என்பார்கள். பாதி அது பாதி இது என்றும் கட்டலாம். வட்டி விகிதத்தை அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 7.61 விழுக்காடு. 6 லட்சத்துக்கு அந்தக் கணக்கில் நாளுக்கு 125 டாலர் 10 சென்ட். 3 லட்சம் கட்டினால் மீதிக்கு நாளுக்கு 62.55. எந்த வழி என்று முடிவு சொல்ல, நிரந்தரமாக உள்ளே போன நாளிலிருந்து 28 நாள் அவகாசம் உண்டு, அதுவரை நாள் கணக்கில் கட்டிக்கொண்டிருந்தால் போதும். உள்ளே போகும் முன் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டியது அறையின் விலையை மட்டும்தான். கட்டும் விதத்தை இல்லை.

"பாண்ட் கட்டினால் அப்படியே முழுசாகத் திரும்பி வரும், பயமில்லை" என்று கோயிலில் யாராவது சொல்லியிருப்பார்கள். நவம்பர் 1-க்கு முன் உள்ளே போனவர்களுக்கு அது சரி. அதற்குப் பின் போகிறவர்களுக்கு வருஷத்துக்கு 2 விழுக்காடு வீதம், அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு, இல்லம் பிடித்துக்கொள்ளும். 6 லட்சத்தில் வருஷம் சுமார் 12,000, ஐந்து வருஷத்தில் 60,000 வரை. டிஏபி கட்டுகிறவர்களுக்கும் அந்தத் தொகை இனி வருஷத்தில் இரண்டு தடவை விலைவாசியோடு சேர்ந்து ஏறும். மீதி ஆர்ஏடிக்கு அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது, இல்லம் நொடித்துப்போனாலும் காசு போகாது.

சரி, இப்போது உங்கள் அம்மாவுக்கு வருவோம்.

இந்த அறை விலை எல்லாம், வசதி உள்ளவர் என்று சென்டர்லிங் முடிவு செய்கிறவர்களுக்குத்தான். வசதி குறைந்தவர்களுக்கு அறைச் செலவில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அரசாங்கமே இல்லத்துக்குக் கொடுக்கிறது. இல்லத்தில் உங்களிடம் 6 லட்சம் என்று சொன்ன அந்தப் பெண் பொய் சொல்லவில்லை, அவர் விலைப் பட்டியலைச் சொன்னார், உங்கள் அம்மாவுக்கு அந்த விலை பொருந்துமா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியும் அவரிடம் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது சென்டர்லிங்கை நடத்தும் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கணக்குக் கடிதம். அதற்கான விண்ணப்பத் தாளையே நீங்கள் இன்னும் போடவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது.

அந்தக் கணக்கில் வீட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் எல்லாம். தனியாக வாழ்ந்த ஒருவர், வீட்டைப் பூட்டிவிட்டு நர்சிங் ஹோம் போகிறார் என்றால், வீடு பத்து லட்சம் பெறுமதியானாலும் கணக்கில் எடுப்பது சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம்தான். கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தால் அந்த 2 லட்சத்துப் பத்தாயிரமே ஒருவரை வசதி உள்ளவர் பக்கம் தள்ளிவிடப் போதும். அதனால்தான் வீடு இருக்கிறவர்கள் எல்லோரும் பாண்ட் கட்ட வேண்டும் என்று ஊரில் பேச்சு.

வீட்டைக் கணக்கிலேயே எடுக்காத சந்தர்ப்பங்களும் உண்டு. கணவனோ மனைவியோ அங்கே வாழ்ந்துகொண்டிருந்தால் எடுக்க மாட்டார்கள். வருமான உதவி பெறத் தகுதியுள்ள ஒருவர், இவரைப் பராமரித்துக்கொண்டு குறைந்தது இரண்டு வருஷம் அதே வீட்டில் இருந்திருந்தால் எடுக்க மாட்டார்கள். அதே போன்ற தகுதியுள்ள நெருங்கிய உறவினர், பிள்ளையோ சகோதரமோ பேரப்பிள்ளையோ, ஐந்து வருஷம் அங்கே இருந்திருந்தாலும் எடுக்க மாட்டார்கள். சென்டர்லிங் இவர்களை புரொடெக்டட் பெர்சன் என்கிறது.

உங்கள் தம்பி ஆறு வருஷமாக அங்கே இருக்கிறான். கேரர் பேமென்ட் எடுக்கிறான். இரண்டு கணக்கிலும் பொருந்துகிறான்.

அதாவது வீடு கணக்கில் வராது. அம்மாவின் சொத்து என்பது வங்கியில் உள்ள 38,000, அதோடு அண்ணாவுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி. அந்த 80,000-ஐப் பற்றி நீங்கள் நடுவில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள், அதை எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒரு நிதியாண்டில் 10,000 வரை கொடுத்தால் சென்டர்லிங் கேட்காது, அதற்கு மேல் கொடுத்தது ஐந்து வருஷத்துக்கு உங்கள் கையிலேயே இருப்பதாகக் கணக்கு. ஆகவே 70,000 சேரும், மொத்தம் 1,08,000. சொத்தில் முதல் 63,000 டாலரை விட்டுவிட்டு, அதற்கு மேல் உள்ள தொகைக்கு வருஷம் 17.5 விழுக்காடு அறைப் பங்காகக் கேட்பார்கள். 45,000-க்கு அது வருஷத்துக்கு 7,875, நாளுக்கு 21 டாலர் 60 சென்ட் சுற்று வரும். 2028 ஜனவரியில் ஐந்து வருஷம் முடிந்ததும் அந்த 70,000 கணக்கிலிருந்து விழுந்துவிடும், அப்போது இந்தப் பங்கும் இல்லாமல் போகும்.

கூட்டிப் பாருங்கள். 65.55 அடிப்படை, 21.60 அறைப் பங்கு, மொத்தம் நாளுக்கு 87.15. அம்மாவின் முழுப் பென்ஷன், அதே 2025 செப்டம்பர் 20 கணக்கில், இரண்டு வாரத்துக்கு 1,178.70, நாளுக்கு 84.19. ஒரு நாளைக்கு மூன்று டாலர் பற்றாக்குறை. மருந்து, முடி வெட்டுவது, கால் நகம் வெட்ட வரும் போடியாட்ரிஸ்ட் எல்லாம் சேர்த்தாலும் வங்கியில் உள்ளதில் வருஷம் சில ஆயிரம்தான் கரையும். 6 லட்சம் இல்லை, சகோதரி. நாளுக்கு மூன்று டாலர்.

அண்ணா சொன்னபடி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம், அவருக்கும் காட்டுங்கள். விற்ற காசு வீடு இல்லை, காசு. பாண்டாகக் கட்டிய 6 லட்சமும் கணக்கில் வரும், மீதியும் வரும், விலக்கும் கிடையாது, 2 லட்சத்துப் பத்தாயிரம் என்ற வரம்பும் கிடையாது. பத்து லட்சத்துக்கு மேல் சொத்து உள்ளவர் என்று ஆனதும் சமையல், துப்புரவு வகைக்கான பங்கு நாளுக்கு 22 டாலர் சுற்று, அதற்கு மேல் குளிக்க வைப்பது, நடமாட உதவுவது போன்ற மருத்துவம் அல்லாத பராமரிப்புக்கான பங்கு நாளுக்கு 100 டாலருக்கு மேல். இந்த இரண்டாவது பங்குக்கு வாழ்நாள் உச்சவரம்பு இருக்கிறது, 2024-ல் அறிவித்தபோது 1,30,000, விலைவாசியோடு ஏறும், அல்லது நான்கு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. அதைக் கட்டி, ஆர்ஏடியில் வருஷம் சுமார் 12,000 பிடித்தத்தையும் கொடுத்து, தம்பியையும் தெருவில் நிறுத்தியிருப்பீர்கள். அண்ணாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஆறு லட்சம் என்று கேட்டதும் மூத்த பிள்ளைக்கு முதலில் வீடுதான் ஞாபகம் வரும்.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு குடும்பம் வந்தது, உங்கள் மாதிரியேதான், கல்யாணம் ஆகாத மகள் தாயோடு எட்டு வருஷம் இருந்து பார்த்திருந்தாள், அவளும் சென்டர்லிங் காசில்தான் இருந்தாள். அவர்கள் என்னிடம் வந்தது வீடு ஏலத்தில் போய், செட்டில்மென்ட்டும் முடிந்து மூன்றாம் வாரம். அந்த மகள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுச் சாவிக்கொத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள், ஏஜென்டிடம் கொடுக்க மறந்துபோன பின்கதவுச் சாவி அதில் இன்னும் இருந்தது. இப்படி ஒரு விதி இருக்கிறதா அண்ணா என்று கேட்டாள். இருந்தது என்று சொல்வதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இனி இதில் உள்ள சிக்கல்களையும் சொல்ல வேண்டும், எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தம்பியின் கேரர் பேமென்ட் அம்மா நிரந்தரமாக உள்ளே போன பிறகு 14 வாரம் வரைதான் தொடரும். அப்புறம் அவன் வேலை தேடுவோருக்கான ஜாப்சீக்கர் போன்ற வேறொன்றுக்கு மாற வேண்டியிருக்கும், இடையில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வேலை கிடைத்து வருமான உதவித் தகுதியே போய்விட்டால் வீட்டு விலக்கும் போகலாம். அதற்காக அவன் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், ஆறு வருஷம் போதும். அறை விஷயத்தில் உள்ளே நுழைந்த நாளில் என்ன நிலையோ அதுதான் தொடரும், அன்றைக்கு வசதி குறைந்தவர் என்று போனவரிடம் பின்னால் 6 லட்சம் கேட்க முடியாது, அவருடைய பங்கு கூடலாம், அதுவும் அரசாங்கம் நிர்ணயித்த உச்சம் வரைக்கும்தான், இப்போது நாளுக்கு 70 டாலர் சுற்று. நுழையும் நாள் நிலைதான் முக்கியம் என்பதால்தான் தம்பி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அம்மா உள்ளே போகும் நாளில் அவனுடைய உதவித்தொகை நடப்பில் இருக்க வேண்டும்.

அடுத்தது பென்ஷன். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் நர்சிங் ஹோம் கணக்கும் பென்ஷன் கணக்கும் இரண்டும் சென்டர்லிங்கிலேயே நடந்தாலும் இரண்டு வெவ்வேறு விதி. பென்ஷன் கணக்கில், தனியாளுக்கு, வீட்டை விட்டுப் போனதிலிருந்து இரண்டு வருஷம் வீட்டை எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு முழுப் பெறுமதியையும் எடுப்பார்கள், தம்பி அங்கே இருப்பது இந்தக் கணக்கில் உதவாது. சொந்த வீடு இல்லாத தனியாளுக்குப் பென்ஷன் முற்றாக நிற்கும் சொத்து எல்லை 2025 செப்டம்பர் 20 கணக்கில் 9,72,500 டாலர், உங்கள் வீடு அதைத் தாண்டுகிறது. அதாவது இரண்டு வருஷம் கழித்து அம்மாவின் பென்ஷன் நிற்கும், 65.55 அப்படியே இருக்கும், வருஷத்துக்கு 24,000 டாலர் எங்கிருந்தாவது வர வேண்டும்.

அப்போதும் உடனே விற்கத்தான் வேண்டும் என்று இல்லை. ஹோம் ஈக்விட்டி ஆக்சஸ் ஸ்கீம் என்று அரசாங்கமே ஒன்று வைத்திருக்கிறது, வீட்டை ஈடாக வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடன் தருவார்கள், வட்டி 3.95 விழுக்காடு, சொத்து கூடியதால் பென்ஷன் நின்றுபோனவர்களும் கேட்கலாம். வட்டிக்கு வட்டி ஏறும், வீடு விற்கும்போது கழித்துக்கொள்வார்கள். இலவசம் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் தம்பி ஒரு வேலையில் காலூன்றுவதற்கும், அம்மாவின் உடம்பு எப்படிப் போகிறது என்று தெரிவதற்கும், மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவதற்கும் அது நேரம் வாங்கித் தரும். விற்பதானாலும் அப்போது நிதானமாக விற்கலாம். வீட்டை வாடகைக்கு விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், வாடகை வருமானமாகக் கணக்கில் வரும், தம்பி வெளியே போனால் விலக்கும் போகும், ஆகவே உங்கள் விஷயத்தில் அது வேண்டாம்.

ஆஸ்பத்திரி போனைப் பற்றி. படுக்கை வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுவது புரிகிறது, அங்கே உள்ள சோஷியல் வொர்க்கரிடம் கோபப்படாதீர்கள், அவரைத் துணைக்குப் பிடியுங்கள். அம்மாவுக்கு முதியோர் பராமரிப்பு மதிப்பீடு முடிந்துவிட்டதா, அதில் நிரந்தரப் பராமரிப்போடு ரெஸ்பைட்டுக்கும் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். ரெஸ்பைட் என்பது தற்காலிகத் தங்கல், ஒரு நிதியாண்டில் 63 நாள் வரை, அதற்கு அறைக் காசே கிடையாது, அடிப்படை நாள் கட்டணம் மட்டும். அதே இல்லத்தில் ரெஸ்பைட்டாகப் போய் இரண்டு மாதம் இருந்தால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அந்த இடம் அம்மாவுக்கு ஒத்துவருகிறதா என்றும் தெரிந்துவிடும், 28 நாள் கணக்கும் தொடங்காது. இடையில் நிரந்தரத்துக்கு மாற்றுகிறோம், இதில் ஒரு கையெழுத்து என்று தாளை நீட்டினால் கணக்குக் கடிதம் வரட்டும் என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போகிறவர்களுக்கு டிரான்சிஷன் கேர் என்று 12 வாரம் வரை உடம்பைத் தேற்றும் திட்டமும் உண்டு, இடுப்பெலும்புக்காரர்களுக்கு அது நல்லது, அதையும் கேளுங்கள்.

கணக்குக்கு நிரப்ப வேண்டிய தாள், பென்ஷன் எடுப்பவராகவும் வீடு உள்ளவராகவும் இருப்பதால், எஸ்ஏ 485. பென்ஷன் இல்லாதவர்களுக்குத்தான் நீளமான எஸ்ஏ 457. அதில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் இடத்தில் தம்பியின் விவரத்தை முழுசாக எழுதுங்கள், எப்போதிலிருந்து இருக்கிறான், எந்த உதவித்தொகை, எல்லாம். 80,000-ஐ மறைக்காதீர்கள், பாங்க் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் தொகை அது. தாளே போடாமல் போனால் வசதி உள்ளவராக எடுத்து முழுக் கட்டணமும் போடுவார்கள். சர்வீசஸ் ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்புக்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள், நேரில் உட்கார்ந்து விளக்குவார்கள், காசு இல்லை. தமிழில் பேச வேண்டுமானால் 131 450-க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இல்லத்தோடு தகராறு வந்தால் ஓபான் (OPAN) என்ற முதியோர் உரிமை அமைப்பு இருக்கிறது, 1800 700 600, அதுவும் இலவசம்.

பவர் ஆஃப் அட்டர்னி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மறதி தொடக்கம் என்கிறீர்கள், அம்மாவுக்கு இன்னும் புரிந்து கையெழுத்துப் போடும் தெளிவு இருந்தால் இந்த வாரமே ஒரு சொலிசிட்டரை ஆஸ்பத்திரிக்கே கூப்பிடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் காசு விஷயத்துக்கு என்டியூரிங் பவர் ஆஃப் அட்டர்னி, எங்கே தங்குவது, என்ன வைத்தியம் என்பதற்கு என்டியூரிங் கார்டியன், இரண்டும் வேண்டும். இந்தத் தெளிவு போய்விட்டால் ட்ரிபியூனலுக்குத்தான் (தீர்ப்பாயம்) போக வேண்டும்.

இடம் தேடும்போது முதல் கேள்வியை மாற்றுங்கள். எவ்வளவு பாண்ட் என்று கேட்காதீர்கள், சப்போர்ட்டட் ரெசிடென்ட்டுக்கு, அதாவது அறைச் செலவுக்கு அரசாங்க உதவி பெறுபவருக்கு, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நூற்றுக்கு 40-க்கு மேல் அப்படிப்பட்டவர்களை வைத்திருக்கும் இல்லத்துக்குத்தான் அரசாங்கம் அந்த உதவித்தொகையை முழுசாகத் தருகிறது, ஆகவே உங்கள் அம்மாவை விரும்பி எடுக்கும் இடங்களும் இருக்கின்றன. ஒரு இடத்தில் இல்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். ஒயின், கேபிள் டிவி, கூடுதல் உணவுத் தேர்வு என்று மேல்வசதிக் கட்டணம் ஒன்று சொல்வார்கள், அது விருப்பத்துக்கு உரியது, அதை ஒத்துக்கொண்டால்தான் அறை என்று சொல்ல முடியாது.

அப்புறம் நேரில் போங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள், அநேகமாக அதுதான் இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டில் என்ன இருக்கிறது, சாப்பிட முடியாதவருக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போய் அரை மணி நேரத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு போகிறார்களா என்று பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸ் என்பது அரசாங்கம் வைத்திருக்கும் இலக்கு, மை ஏஜ்ட் கேரில் ஒவ்வொரு இல்லத்துக்கும் உள்ள நட்சத்திர மதிப்பீட்டில் அதை எட்டியிருக்கிறார்களா என்று பார்க்கலாம், ஆனால் அந்த ஐந்து மணிக் காட்சி சொல்வதை நட்சத்திரம் சொல்லாது. மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற ஆங்கிலம்தான் பெரும்பாலும் முதலில் போகும். அம்மா தண்ணீர் வேண்டும் என்று தமிழில் கேட்டால் புரிந்துகொள்ள ஒரு ஷிஃப்ட்டிலாவது ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களைப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும், படித்துச் சொல்லும்படி உச்சரிப்போடும் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள். என் மாமியார் அறையில் அப்படி ஒட்டியிருந்தோம், நேபாளத்துப் பெண் ஒருத்தி இரண்டே வாரத்தில் "கால் வலிக்குதா" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். முருகன் படம் வைக்கலாம், விளக்கு மட்டும் பாட்டரி விளக்காக வாங்குங்கள், நெருப்புக்கு விட மாட்டார்கள்.

இந்த எண்களில் பென்ஷனோடு சேர்ந்தவை மார்ச் 20, செப்டம்பர் 20 தேதிகளில் மாறும், ஆகவே நீங்கள் தாள் போடும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் தாள்களைப் பார்க்காமல் கடிதத்தை வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறேன், தம்பியின் விஷயத்தை சென்டர்லிங் எழுத்தில் உறுதி செய்யும் வரை எதையும் முடிந்ததாக எடுக்க வேண்டாம். நாளைக் காலையில் முதல் வேலை எஸ்ஏ 485, அதோடு தம்பியின் கேரர் பேமென்ட் கடிதமும், ஆறு வருஷமாக அந்த விலாசத்துக்கு அவன் பெயரில் வந்த பில்களும். கணக்குக் கடிதம் வந்ததும் தேதியைப் பாருங்கள், அது 120 நாள்தான் செல்லும். கிடைத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேரும் இருக்கும்போது உட்கார்ந்து அந்த இரண்டு வருஷத்துக்கான கணக்கைப் போட்டுவிடுவோம்.